மாமாவின் பயம்

அந்தக் குல்லா ஏரிக்கரையின் ஈரப் புல்லில் கிடந்தது. காதையும் கழுத்தையும் மூடுகிற கம்பளி மங்கி குல்லா. செங்கல் நிறம், உச்சியில் ஒரு வெள்ளைக் குஞ்சம். யாரோ நிதானமாகக் கழற்றி வைத்துவிட்டுப் போனதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளித் தண்ணீர் தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் கண்ணில் படவில்லை. கரை எங்கே முடிகிறது, ஏரி எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாதபடி பனி இறங்கியிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேனே தவிர, குனிந்து எடுக்கவில்லை. எடுத்துவிட்டால் அதைப் போட்டிருந்த தலை எங்கே என்று கேட்க வேண்டிவரும். எனக்குப் பின்னால் அக்கா மூச்சு வாங்க ஓடிவருகிற சத்தம் கேட்டது.

பாப்பா அக்காவின் ஒரே மகள். அப்போது அவளுக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை. அவளுடைய அப்பாவை, எங்கள் பக்கத்து வழக்கப்படி, நான் மாமா என்று கூப்பிடுவேன். போளூரில் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். காலையிலிருந்து இருட்டும்வரை கருகியவற்றையும் உடைந்தவற்றையும் மட்டுமே பார்க்கிற தொழில் என்பதாலோ என்னவோ, எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எப்படிக் கெட்டுப்போகும் என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றும். பாப்பா பிறந்த பிறகு அந்தப் பார்வை முழுக்க அவள்மேல் திரும்பியது. திராட்சையை நான்காக வெட்டித்தான் கொடுப்பார். வேர்க்கடலை அந்த வீட்டுக்குள் வரவே கூடாது. மேசை முனைகளில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தார். கடைக்கு வந்தவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கை தானாக நீண்டு குழந்தையின் சட்டையைப் பிடித்திருக்கும். அக்கா அவருக்கு நேரெதிர். "எனக்குப் பொறந்தது ரெட்டப் புள்ள. ஒண்ணு பாப்பா, இன்னொண்ணு இவரோட பயம். ரெண்டாவதுதான் வேகமா வளருது" என்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்கும்போதும் கை சட்டையை விடாது.

நான் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியை. பள்ளி வளாகத்திலேயே குடியிருப்பு. அரையாண்டு விடுமுறை விட்டதும் பிள்ளைகள் எல்லோரும் அவரவர் ஊருக்குப் போய்விட, அந்த இடமே வெறிச்சென்று ஆகிவிடும். அந்த வருடம் விடுமுறைக்கு மலைக்கு வருவதாக அக்கா பிடிவாதமாக இருந்தாள். மாமா சொல்லாத காரணம் இல்லை. மலைப்பாதை வளைவுகள், குளிர், சளி, அவசரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது, கரடி. கடைசியில் பாப்பாதான் அவரைத் தோற்கடித்தாள். இங்கே மார்கழியில் மேகம் தரையில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நான் போனில் சொல்லியிருந்தேன். அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அவள் சாப்பிடாமல் அழுதாள்.

வந்து இறங்கிய சாயங்காலமே மாமா செய்த முதல் வேலை, விடுதிச் சமையல்காரம்மாவிடம் இந்தப் பக்கம் எங்கெங்கே கிணறு இருக்கிறது என்று விசாரித்ததுதான். அந்த அம்மா இந்த ஊர்க்காரர், விடுமுறையிலும் வளாகத்துக்கு வந்துபோய்க்கொண்டிருப்பார். அவர் கை நீட்டிச் சொன்ன திசைகளில் எல்லாம் மாமா ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சுவர் இல்லாத கிணறு எது, படி உடைந்தது எது, ஏரியில் எந்தப் பக்கம் சரிவு அதிகம் என்று இரவுச் சாப்பாட்டின்போது எங்களிடம் சொன்னார். "இன்னா டீச்சர், உங்க மாமா கெணறு வாங்கறதுக்கு வந்திருக்காரா?" என்று சமையல்காரம்மா என்னிடம் மெல்லக் கேட்டார். அக்காவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

முதல் நாட்கள் நன்றாகவே போயின. காலையில் வாயைத் திறந்து புகை விடுவது பாப்பாவுக்குப் பெரிய விளையாட்டு. முற்றத்தில் மூட்டிய தீயைச் சுற்றி உட்கார்ந்து சாமைக் கஞ்சி குடித்தோம். அவளுக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், அதன்மேல் குல்லா. மாமா ஆறிய கஞ்சியையும் ஊதித்தான் ஊட்டினார். மேகத்தைத் தொட்டாயா என்று நான் கேட்டால், "கைல நிக்க மாட்டேங்குது சித்தி" என்று குறை சொல்வாள்.

அன்று காலையில் பனி விலகவே இல்லை. சூரியன் எங்கேயோ வந்துவிட்டது என்பது வெள்ளை இன்னும் வெள்ளையானதில் மட்டும் தெரிந்தது. மைதானத்து ஊஞ்சலில் ஆட வேண்டும் என்றாள் பாப்பா. மாமாதான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். எங்கள் வளாகத்தில் கேட்டுக்குப் பக்கத்து மூலையில் நின்றால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். அவர்கள் அதைத் தாண்டும்போது, நாட்கணக்கில் வராத அழைப்புகள் எல்லாம் சேர்ந்துகொண்டதுபோல மாமாவின் போன் அடித்தது. யாரோ ஒரு விவசாயி, நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியவில்லை, மோட்டார் எப்போது தருவீர்கள் என்று கேட்டிருக்கிறார். குரல் விட்டுவிட்டுக் கேட்டதால் மாமா ஒரு காதைப் பொத்திக்கொண்டார். ஒரு காதைப் பொத்த ஒரு கை, போனுக்கு ஒரு கை. குழந்தைக்குக் கை மிச்சமில்லை. பேசி முடித்துக் கீழே பார்த்தபோது பாப்பா அங்கே இல்லை.

எங்கள் வாசலுக்கு வந்து நின்ற அவர் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பதறவில்லை. "பாப்பா உள்ள வந்துச்சா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் எங்கள் பதிலுக்கு முன்பே அவருக்குப் பதில் தெரிந்திருந்தது. அக்கா அடுப்பை அணைக்காமலே ஓடினாள். ஊஞ்சல் அசையாமல் தொங்கியது. வகுப்பறைகள், விடுதி வராந்தா, குளியலறைத் தொட்டி, விறகுக் கொட்டகை என்று தேடினோம். கேட்டின் ஒரு பக்கக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. பெரியவர்கள் யாரும் நுழைய முடியாத இடைவெளி. அதைப் பார்த்ததும்தான் அக்காவிடமிருந்து முதல் அலறல் வந்தது.

சமையல்காரம்மா போய்ச் சொல்லி ஊரே திரண்டுவிட்டது. பலரும் என் மாணவிகளின் வீட்டார்தான். ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து, பனிக்குள் பாப்பா பாப்பா என்று கூவினார்கள். பனியில் குரல் எங்கிருந்து வருகிறதென்று தெரியாது. பக்கத்தில் கத்துவது தூரத்தில் கேட்கும். யாரோ கண்டுபிடித்துவிட்டதுபோல ஒரு சத்தம் எழும். எல்லோரும் அங்கே ஓடுவோம். அங்கே நிற்பவர்கள் எங்களைப் பார்த்து, கிடைத்துவிட்டதா என்று கேட்பார்கள். இரண்டு பேர் தாழ்ந்த குரலில், பாறைப் பக்கம் போன வாரம் கரடி வந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டே என்னைக் கடந்து போனார்கள். நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பேசியிருக்கமாட்டார்கள்.

மாமா எங்களோடு இல்லை. அவர் கிணறுகளுக்குப் போயிருந்தார். யாரையும் வழி கேட்கவில்லை. தான் முன்பே சுற்றி வந்த வழியிலேயே, ஒவ்வொன்றாக, ஒவ்வொரு விளிம்பிலும் குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். அவர் பின்னால் போன ஊர்க்காரர் ஒருவர் பிறகு எனக்குச் சொன்னார். ஒவ்வொரு கிணற்றிலும் பார்த்துவிட்டு எழுந்திருக்கும்போது தண்ணீரை நோக்கிக் கும்பிட்டாராம்.

நாங்கள் ஏரிக்கரைக்குப் போனோம். அங்கேதான் அந்தக் குல்லா கிடந்தது.

அக்கா அதைப் பார்த்ததும் கத்தவில்லை. போய் எடுத்தாள், உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். சூடு இருக்கிறதா என்று பார்த்தாளோ என்னவோ. பிறகு அதைத் தன் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இளைஞர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு ஏரிக்குள் இறங்கினார்கள். சிலர் கையில் மூங்கில் கழி. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கழியை உள்ளே விட்டுத் துழாவித் தூக்குவார்கள். ஒவ்வொரு தடவையும் அது பாசியைச் சுற்றிக்கொண்டு கனமாக மேலே வரும். அது பாசிதான் என்று தெரிகிற வரைக்கும் எனக்கு மூச்சு வராது. வாழ்க்கையில் நான் அதற்கு முன்பும் பின்பும் பயந்திருக்கிறேன். ஆனால் ஒரு கழி தண்ணீரிலிருந்து வெளியே வருவதைப் பார்த்து அப்படிப் பயந்தது அன்று மட்டும்தான். கரையில் நின்றவர்கள் இன்னும் பலமாகக் கூப்பிட்டார்கள். அழுகையும் கூச்சலும் சேர்ந்து, அது குழந்தையைக் கூப்பிடுகிற சத்தமாகவே இல்லை.

அப்போதுதான் மாமா வந்தார். மார்பெல்லாம் சேறு. அக்காவின் ரவிக்கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வெள்ளைக் குஞ்சத்தைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். அவர் விழுந்துவிடுவார் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். அவர் விழவில்லை. இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

"அண்ணா, கத்தாதீங்கண்ணா. எல்லாரும் கொஞ்ச நேரம் கம்முனு இருங்க. எங்க வூட்ல குக்கர் விசிலடிச்சாலே கட்டிலுக்கு அடில பூந்துக்குற கொயந்த அது. இப்ப பயந்துக்கினு எங்கனா ஒளிஞ்சிக்கினு இருக்கும். நீங்க கூப்புடக் கூப்புட இன்னும் உள்ள போவும்."

தண்ணீரில் நின்ற ஒருவர் தயங்கி, "தண்ணில இருந்தா இன்னா பண்றது சார்?" என்றார்.

மாமா அவரைக் கோபமில்லாமல் பார்த்தார். "தண்ணில இருந்தா, கத்துனா மட்டும் வந்துருமா?"

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. ஏரிக்குள் நின்றவர்கள் கழியோடு அப்படியே நின்றார்கள். அந்த அமைதி கூச்சலைவிடக் கொடுமையாக இருந்தது. மரங்களிலிருந்து பனி சொட்டுகிற சத்தம் கேட்டது. அக்காவின் பற்கள் அடித்துக்கொள்வதுகூடக் கேட்டது. எனக்கு, இந்த மனிதர் நேரத்தை வீணடிக்கிறார், ஒவ்வொரு நொடியும் போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. அதைச் சொல்ல அவர் பக்கம் திரும்பினேன்.

மாமா கரையோரமாக மெதுவாக நடக்க ஆரம்பித்தார். நடந்துகொண்டே, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னார்:

"ஃபேன் தூங்கிடுச்சு. கிரைண்டர் தூங்கிடுச்சு. போர் மோட்டாரு தூங்கிடுச்சு."

அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காதான் என் கையைப் பிடித்து, விட்டுவிட்டு வந்த மூச்சில் சொன்னாள். தினமும் சாயங்காலம் கடையை மூடும்போது, பாப்பாவை மேசைமேல் உட்காரவைத்து, ஒவ்வொரு சாமானாகக் காட்டி இப்படிச் சொல்லிக்கொண்டே விளக்கை அணைப்பாராம். கடைசியில் அவள் சொல்ல வேண்டியது ஒன்று உண்டாம். அதை அவள் சொன்ன பிறகுதான் ஷட்டரை இறக்குவார்.

அவர் கரையிலிருந்து இறங்கி, அறுவடை முடிந்த சாமைக் கொல்லைப் பக்கம் திரும்பினார். பனி அவரை விழுங்கிவிட்டது. குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஃபேன் தூங்கிடுச்சு. கிரைண்டர் தூங்கிடுச்சு. சொல்லி முடித்து நிறுத்துவார். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். ஒன்றும் வராது. மறுபடியும் ஆரம்பத்திலிருந்து சொல்வார். அதே நிதானம், அதே குரல். ஒரு தடவைகூட அவசரப்படவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒன்றும் வராதபோது, அடுத்த தடவை அந்தக் குரல் உடைந்துவிடும் என்று நான் பயந்தேன். உடைந்தால் அவளும் அதைக் கேட்டுவிடுவாள்.

கொல்லையின் கோடியில் ஒரு களமும் அதன் ஓரத்தில் சாமை வைக்கோல் போரும் இருந்தன. அங்கே போய்த்தான் அவர் இன்னொரு தடவை சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும்.

"பாப்பா தூங்கல."

தொண்டை கட்டிய, கோபமான, சின்னக் குரல். அக்கா எழுந்து ஓடினாள். செருப்பு ஒரு பக்கம், புடவை ஒரு பக்கம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமா மண்டியிட்டுப் போருக்குள் தோள்வரை கையை விட்டிருந்தார். அடியில் நாயோ ஆடோ படுத்து உண்டான பொந்துக்குள், வைக்கோலை இழுத்து மூடிக்கொண்டு கிடந்திருக்கிறாள். உதடெல்லாம் நீலம் பாரித்திருந்தது, தலைமுடியெல்லாம் சாமைத் தூசி. கேட்டுக்கு வெளியே நின்ற ஒரு கன்றுக்குட்டியைத் துரத்திப் போனவள், கரையில் குல்லா அரிக்கிறதென்று கழற்றிப் போட்டிருக்கிறாள். அதற்குள் நான்கு பக்கமும் ஆட்கள் தன் பேரைச் சொல்லிக் கத்தவே, தன்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்து ஓடி ஒளிந்துவிட்டாள். நாங்கள் அவளுக்குப் பக்கத்திலேயே பலமுறை கத்திக்கொண்டு ஓடியிருக்கிறோம்.

சமையல்காரம்மா தன் கம்பளியை அவிழ்த்துக் குழந்தையைச் சுற்றினார். ஏரியிலிருந்து ஏறி வந்தவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டே சிரித்தார்கள். மாமா அழவில்லை, கும்பிடவுமில்லை. வீட்டுக்கு வந்து, தீக்குப் பக்கத்தில் அவளைப் படுக்கவைத்து, உள்ளங்கால் சூடேறும்வரை தேய்த்தார். பிறகு அக்கா கொடுத்த டீ டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. டீ மடியில் கொட்டியது. அக்கா அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அன்றும் இல்லை, பிறகும் இல்லை. முந்தானையால் அவர் மடியைத் துடைத்துவிட்டு, வேறு டம்ளரை எடுத்துத் தானே அவர் வாயில் வைத்தாள்.

அடுத்த நாளே இறங்கிப் போய்விட்டார்கள். நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக அதற்குப் பிறகு நடந்தது. மாமா இன்னும் மோசமாகிவிடுவார், குழந்தையை வாசலுக்கே விடமாட்டார் என்று நினைத்தேன். அவரோ மேசை முனையிலிருந்த டியூபை உரித்துப் போட்டார். சைக்கிள் வாங்கித் தந்தார். பள்ளிக்குத் தனியாகப் போ என்றார். இப்போது பயந்தவள் அக்கா. ஜன்னலோரம் நின்று தெருமுனை பார்ப்பது, மழை வந்தால் போன் செய்வது, காய்ச்சல் என்றால் தூங்காமல் இருப்பது எல்லாம் அவளிடம் வந்துவிட்டன. எப்படி இப்படி மாறினீர்கள் என்று ஒருமுறை கடையில் வைத்து அவரிடம் கேட்டேன். காயில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "பயந்து பயந்து இன்னா ஆச்சு? கைல புட்சிக்கினு இருக்கும்போதே போய்ட்டா. அத்தோட வுட்டுட்டேன்." நான் அதை நம்பினேன். அதற்காக அவரைக் கொஞ்சம் பொறாமையோடும் பார்த்தேன். ஏனென்றால் என்னால் விட முடியவில்லை. இன்றும் இதே பள்ளியில்தான் இருக்கிறேன். பனி இறங்குகிற காலைகளில், விடுதிப் பிள்ளைகள் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கும்போது, தலைகளை எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் எண்ணுகிறேன்.

போன மார்கழியில் பாப்பா தனியாக மலைக்கு வந்தாள். இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள். விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்குத் தனியாக பஸ்ஸில் போகிறேன் என்று கேட்டாளாம். அக்கா முடியாது என்று அழ, மாமா சரி என்றுவிட்டார். "ஏத்தி வுட்டேன். மொத சீட்டு, ஜன்னலோரம். கண்டக்டர்கிட்ட சொல்லியிருக்கேன்" என்று எனக்குப் போன் செய்தார். பஸ் வர வேண்டிய நேரம் தாண்டியது. கீழே வளைவுகளில் பனி, வண்டிகள் ஊர்ந்துதான் வருகின்றன என்று டீக்கடையில் சொன்னார்கள். நிறுத்தத்தில் நான் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கிடந்தேன். எந்த இன்ஜின் சத்தம் கேட்டாலும் சாலைக்கு ஓடினேன். மாமாவுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. எப்படி இவ்வளவு நெஞ்சழுத்தம் இவருக்கு என்று வாய்விட்டே திட்டினேன்.

கடைசியில் பனிக்குள்ளிருந்து இரண்டு மங்கலான விளக்குகள் வந்தன. பாப்பா பையோடு குதித்து இறங்கினாள். "எனக்குக் கொஞ்சம்கூட பயமே இல்ல சித்தி. நானே தனியா வந்துட்டேன்" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது பஸ் நகரத் தொடங்கியிருந்தது. கடைசி ஜன்னலில் ஒருவர். தலையைச் சுற்றித் துண்டு, மூக்குவரை மாஸ்க். கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்கள் பாப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு என்னைப் பார்த்தன. அவர் ஒரு விரலை மாஸ்க்கின் மேல், உதடு இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார்.

அந்த பஸ் மேலே கடைசி ஊர்வரை போய்த் திரும்பிப் போளூருக்கு இறங்கும். பாப்பாவை முன்னால் நடக்கவிட்டு நான் மறுபடியும் போன் செய்தேன். இந்தத் தடவை எடுத்தார்.

"எங்க மாமா இருக்கீங்க?"

"எங்க இருப்பேன்? கடைலதான் கீறேன்" என்றார். அவர் குரலுக்குப் பின்னால், அடுத்த வளைவில் திரும்புகிற பஸ்ஸின் ஹாரன் போனிலும் கேட்டது, மலையிலும் கேட்டது.

பாப்பா வந்து சேர்ந்துவிட்டாள் என்று சொன்னேன். "அப்டியா, சரி" என்றார். கீழே பனி அதிகம், கடையைப் பார்த்துப் பூட்டிக்கொண்டு ஜாக்கிரதையாக வீட்டுக்குப் போங்கள் என்றேன். "போய் சேந்ததும் போன் பண்றேம்மா" என்றார்.